டாம்கேட்டில் ‘நேம் நாட் பவுண்ட்’ பிழை: பெயர் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

அப்ளிகேஷன் எழும்போதோ முதல் பயனர் உள்ளே நுழையும்போதோ டாம்கேட் (ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர்) லாகில் இந்த வரி விழுகிறது:

ஜாவாஎக்ஸ்.நேமிங்.நேம்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன்: நேம் [ஜேடிபிசி/சேல்ஸ்டிபி] இஸ் நாட் பவுண்ட் இன் திஸ் கான்டெக்ஸ்ட். அனேபிள் டு ஃபைண்ட் [ஜேடிபிசி].

பெயரைக் காணோம் என்று சொல்வதால் எல்லோரும் முதலில் எழுத்துப்பிழையைத் தேடுகிறார்கள். எழுத்துப்பிழை இருப்பதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலான நேரம் பெயர் சரியாகவே எழுதப்பட்டிருக்கும்; அது எழுதப்பட்ட கோப்பை டாம்கேட் படித்தே இருக்காது. அதனால் எந்தக் கோப்பிலும் கை வைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். தேடல் எந்தத் துண்டில் அறுந்தது? ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் எந்தக் கோப்பிலிருந்து கான்ஃபிக்கை எடுத்தது? இந்த வரிசையை மாற்றிக்கொண்டு, நாலு கோப்பிலும் அதே ரிசோர்ஸை (டேட்டாபேஸ் இணைப்பின் வரையறையை) ஒட்டிவைத்து ஓடவைப்பவர்கள் உண்டு. அப்படி ஓடினால் அடுத்த முறை பாஸ்வேர்டு மாறும்போது எந்தக் கோப்பைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியாது.

கீழே உள்ளவை டாம்கேட் 8.5, 9, 10.1 பதிப்புகளை மனத்தில் வைத்து எழுதியவை. உதாரணத்துக்கு அப்ளிகேஷன் சேல்ஸ்.வார் (அப்ளிகேஷன் முழுவதையும் கட்டிய பொதி), டேட்டாசோர்ஸ் (நிரலுக்கு டேட்டாபேஸ் கனெக்ஷன் தரும் பொருள்) ஜேடிபிசி/சேல்ஸ்டிபி என்று வைத்துக்கொள்வோம். பிற சர்வர்கள் பற்றி கடைசியில் இருக்கிறது.

## ஒரே பெயர், மூன்று இடங்கள்

டேட்டாசோர்ஸின் பெயர் மூன்று இடங்களில் வரும்.

நிரலில் இனிஷியல்கான்டெக்ஸ்ட் வழியாக லுக்கப் செய்யும்போது (பெயரைக் கொடுத்துப் பொருளைத் தேடும்போது) முழுப் பெயர்: ஜாவா:காம்ப்/என்வ்/ஜேடிபிசி/சேல்ஸ்டிபி.

அப்ளிகேஷனின் வெப்.எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ்-ரெஃப் என்ற உறுப்புக்குள், ரெஸ்-ரெஃப்-நேம் என்ற இடத்தில், முன்னொட்டு இல்லாமல்: ஜேடிபிசி/சேல்ஸ்டிபி.

சர்வர் பக்கம் கான்டெக்ஸ்ட் கோப்பில் (அது எங்கெங்கே இருக்கலாம் என்பது படி 3-ல்) ரிசோர்ஸ் உறுப்பின் நேம் பண்பில், இங்கேயும் முன்னொட்டு இல்லாமல்: ஜேடிபிசி/சேல்ஸ்டிபி.

ஜாவா:காம்ப்/என்வ் என்பது ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனியாக உள்ள பெயர்வெளி. சேல்ஸ் அப்ளிகேஷனுக்குக் கட்டப்பட்ட பெயர் பக்கத்தில் ஓடும் இன்னொரு அப்ளிகேஷனுக்குத் தெரியாது. ரிசோர்ஸின் நேம் பண்பில் எழுதுவதை டாம்கேட் தானாகவே இந்தப் பெயர்வெளிக்குள் கட்டுகிறது. அதனால் நேம் பண்பில் ஜாவா:காம்ப்/என்வ் என்று சேர்த்து எழுதினால் முன்னொட்டு இரட்டிப்பாகி, தேடல் ஒருபோதும் அதைத் தொடாது. நிரலிலிருந்து பெயரைப் பிரதியெடுத்து அப்படியே கான்டெக்ஸ்ட் கோப்பில் ஒட்டும்போது இது நடக்கிறது.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஜேடிபிசி முழுக்கச் சிறிய எழுத்தில் ஓரிடத்திலும் பெரிய எழுத்தில் இன்னோரிடத்திலும் இருந்தால் அவை இரண்டு பெயர்கள். நேம் பண்பின் மேற்கோளுக்குள் கடைசியில் ஒட்டிய ஒரு வெற்றிடமும் பெயரின் பகுதிதான். திரையில் தெரியாது, தேடலில் இடறும்.

## படி 1: பிழைச் செய்தியின் கடைசி அடைப்பை வாசியுங்கள்

டாம்கேட் பெயரைச் சாய்கோடு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக உள்ளே இறங்குகிறது. எந்தத் துண்டில் ஒன்றும் கிடைக்கவில்லையோ அதைத்தான் செய்தியின் கடைசிச் சதுர அடைப்பில் எழுதுகிறது. பிழையில் இருப்பதிலேயே பயனுள்ள தகவல் அதுதான். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கடைசி அடைப்பில் [ஜேடிபிசி] மட்டும். ஜேடிபிசி என்ற துணைப் பெயர்வெளியே இல்லை. அந்த அப்ளிகேஷனுக்கு ஜேடிபிசி/ என்று தொடங்கும் ஒரு டேட்டாசோர்ஸ் கூடக் கட்டப்படவில்லை என்று அர்த்தம். கோப்பு படிக்கப்படவில்லை என்ற சந்தேகம் இங்கேதான் வலுக்கிறது. படி 2, படி 3 பாருங்கள். இதே செய்தி இன்னொரு காரணத்தாலும் வரும்: நிரலில் முன்னொட்டு இல்லாமல் வெறும் ஜேடிபிசி/சேல்ஸ்டிபி என்று லுக்கப் செய்தால், தேடல் என்வ் பக்கமே போகாமல் வெறுமையான வேறொரு இடத்தில் நடக்கும். கோப்புகளைத் தோண்டும் முன் நிரலில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

[சேல்ஸ்டிபி]. ஜேடிபிசி வரை இறங்கிவிட்டது. கடைசித் துண்டுதான் இல்லை. கோப்பு படிக்கப்பட்டிருக்கிறது. எழுத்து வேறுபாடு, வெற்றிடம், அல்லது இதே அப்ளிகேஷனில் வேறொரு டேட்டாசோர்ஸ் மட்டும் கட்டப்பட்டு இது விடுபட்டிருப்பது, இவற்றில் ஒன்று.

[காம்ப்]. நிரலில் ஜாவா என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் விடுபட்டு, காம்ப்/என்வ் என்று தொடங்கியிருக்கிறது.

[ஜாவா:காம்ப்]. ஏற்கெனவே ஜாவா:காம்ப்/என்வ் வரை லுக்கப் செய்து எடுத்த கான்டெக்ஸ்ட் பொருளிடம் மறுபடி முழுப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொருளிடம் ஜேடிபிசி/சேல்ஸ்டிபி என்று மட்டும் கேட்க வேண்டும்.

அடைப்பில் உங்கள் ஜாவா கிளாஸின் முழுப் பெயர். ரிசோர்ஸ் அனோட்டேஷனில் நேம் கொடுக்கவில்லை. அப்போது கிளாஸின் முழுப் பெயர், சாய்கோடு, ஃபீல்டின் பெயர் என்று சேர்த்துத் தேடுவதே விதி. அனோட்டேஷனில் நேம் என்ற இடத்தில் ஜேடிபிசி/சேல்ஸ்டிபி என்று முன்னொட்டு இல்லாமல் எழுதுங்கள். முழுப் பெயரை எழுத வேண்டுமானால் அதற்கான இடம் லுக்கப் பண்பு. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதும் நடக்கிறது.

பிழை நேம்நாட்ஃபவுண்ட் ஆக இல்லாமல் “கேனாட் கிரியேட் ஜேடிபிசி டிரைவர் ஆஃப் கிளாஸ் '' ஃபார் கனெக்ட் யூஆர்எல் 'நல்'” என்று வந்தால் நேராகப் படி 4-க்குப் போங்கள். அது பார்ப்பதற்கு டேட்டாபேஸ் பிழை, உண்மையில் இதே பெயர்ப் பிழை.

## படி 2: ஓடுவது எந்த டாம்கேட்?

டாம்கேட்டுக்கு இரண்டு அடைவுகள் உண்டு. கேட்டலினா_ஹோம் என்பது நிறுவிய இடம். கேட்டலினா_பேஸ் என்பது இந்த ஓட்டத்துக்கான கான்ஃப், லாக்ஸ், வெப்ஆப்ஸ் இருக்கும் இடம். கைமுறையாக ஜிப்பை விரித்து ஓட்டினால் இரண்டும் ஒன்றே. மற்ற நேரங்களில் ஒன்றல்ல. நீங்கள் ஹோமில் திருத்த, சர்வர் பேஸிலிருந்து படிக்கும்.

உறுதி செய்ய ஊகம் வேண்டாம். டாம்கேட் எழும்போது லாகின் முதல் சில வரிகளில், ஜாவா பதிப்பு, இயங்குதளம் இவற்றோடு கேட்டலினா_பேஸ் எது, கேட்டலினா_ஹோம் எது என்று எழுதுகிறது. அந்தப் பாதையைப் பிரதியெடுத்துக்கொண்டு, இனி எல்லாத் திருத்தமும் அங்கேயே.

டெபியன், உபுண்டு பொதியில் வரும் டாம்கேட் 9-ல் ஹோம் /யூஎஸ்ஆர்/ஷேர்/டாம்கேட்9, பேஸ் /வார்/லிப்/டாம்கேட்9. கான்ஃபிக் கோப்புகள் உண்மையில் இருப்பது /ஈடிசி/டாம்கேட்9-ல்.

எக்லிப்ஸுக்குள்ளிருந்து ஓட்டினால், வொர்க்ஸ்பேஸில் சர்வர்ஸ் என்று ஒரு ப்ராஜெக்ட் உருவாகியிருக்கும். அதற்குள் சர்வர்.எக்ஸ்எம்எல், கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் இரண்டுக்கும் தனிப் பிரதிகள் இருக்கும். எக்லிப்ஸ் அந்தப் பிரதிகளைத்தான் தன் மெட்டாடேட்டா அடைவுக்குள் ஒரு தற்காலிக பேஸில் போட்டு ஓட்டுகிறது. டாம்கேட் நிறுவிய அடைவில் நீங்கள் சேர்த்த ரிசோர்ஸ் அதன் கண்ணில் படாது. சர்வர்ஸ் ப்ராஜெக்டில் உள்ள கோப்பைத் திருத்தி, சர்வரில் கிளீன் செய்து, மறுபடி தொடங்குங்கள். இன்டெல்லிஜேயும் தனக்கென ஒரு பேஸ் அடைவை உருவாக்கிக்கொள்கிறது. “கமாண்ட் லைனில் ஓடுகிறது, ஐடிஇயில் ஓடவில்லை” என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

## படி 3: ரிசோர்ஸ் எழுதக்கூடிய நான்கு இடங்கள்

சிக்கலின் வேர் பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி விதிகள்.

வார் கோப்புக்குள்: மெட்டா-இன்ஃப்/கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்

அப்ளிகேஷனோடு சேர்ந்தே பயணிக்கும் கோப்பு. மேவன் ப்ராஜெக்டில் இது இருக்க வேண்டிய இடம் எஸ்ஆர்சி/மெயின்/வெப்ஆப்/மெட்டா-இன்ஃப். எஸ்ஆர்சி/மெயின்/ரிசோர்சஸ்/மெட்டா-இன்ஃபில் வைத்தால் அது வாருக்குள் வெப்-இன்ஃப்/கிளாஸஸ்/மெட்டா-இன்ஃப் என்று போய்ச் சேரும். டாம்கேட் அங்கே பார்ப்பதில்லை, எச்சரிப்பதும் இல்லை. ஜார் கருவியில் டிஎஃப் விருப்பத்தைக் கொடுத்து வாரின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடுங்கள். மெட்டா-இன்ஃப்/கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் என்ற வரி முன்னால் எதுவும் ஒட்டாமல் தெரிய வேண்டும்.

சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ஹோஸ்ட் உறுப்பின் டிப்ளாய்எக்ஸ்எம்எல் பண்பு ஃபால்ஸ் ஆக இருந்தால் இந்தக் கோப்பு செயலுக்கு வராது. அப்போது அப்ளிகேஷனே டிப்ளாய் ஆகாமல் 404 வரும், காரணம் லாகில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

அப்ளிகேஷனுக்கென வெளியே: கான்ஃப்/கேட்டலினா/லோக்கல்ஹோஸ்ட்/சேல்ஸ்.எக்ஸ்எம்எல்

உற்பத்திச் சூழலுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். பாஸ்வேர்டு வாருக்குள் போகாது. அதே வாரை டெஸ்ட் சர்வரிலும் உற்பத்தி சர்வரிலும் போடலாம். பாதையில் கேட்டலினா என்பது சர்வர்.எக்ஸ்எம்எல்லில் உள்ள இன்ஜினின் பெயர், லோக்கல்ஹோஸ்ட் என்பது ஹோஸ்டின் பெயர். ஹோஸ்டின் பெயரை உங்கள் டொமைனாக மாற்றியிருந்தால் அடைவின் பெயரும் அதுவாகவே இருக்க வேண்டும்.

கோப்பின் பெயரே அப்ளிகேஷனின் பாதையைத் தீர்மானிக்கிறது. சேல்ஸ்.எக்ஸ்எம்எல் /சேல்ஸ் பாதைக்கு. ரூட்டில் ஓடும் அப்ளிகேஷனுக்கு முழுக்கப் பெரிய எழுத்தில் ரூட்.எக்ஸ்எம்எல். /கடை/சேல்ஸ் போன்ற இரண்டடுக்குப் பாதைக்கு நடுவில் சாய்கோட்டுக்குப் பதில் # குறி. வாரின் பெயரில் பதிப்பு எண் ஒட்டிக்கொண்டு சேல்ஸ்-1.2.வார் என்று டிப்ளாய் ஆனால் பாதை /சேல்ஸ்-1.2 ஆகிவிடும், சேல்ஸ்.எக்ஸ்எம்எல் அதற்குப் பொருந்தாது. நேற்று வரை ஓடியது புதிய பதிப்பு போட்டதும் நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மிக முக்கியமான விதி: இந்தக் கோப்பு இருந்தால் வாருக்குள் உள்ள மெட்டா-இன்ஃப்/கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் முழுவதுமாகப் புறக்கணிக்கப்படும். இரண்டும் கலக்கப்படாது. டாம்கேட் 6 காலத்தில் டிப்ளாய் செய்யும்போது வாருக்குள் இருந்ததை இங்கே தானாகவே பிரதியெடுத்து வைக்கும். டாம்கேட் 7-லிருந்து அது இயல்பாக நிறுத்தப்பட்டது. ஹோஸ்டில் காப்பிஎக்ஸ்எம்எல் பண்பை ட்ரூ ஆக்கியிருந்தால் இன்றும் நடக்கும். பழைய சர்வரிலிருந்து கான்ஃப் அடைவை அப்படியே கொண்டுவந்தவர்களிடம், வருடக்கணக்கில் பழைய சேல்ஸ்.எக்ஸ்எம்எல் ஒன்று இங்கே உட்கார்ந்து, வாரில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் மறைத்துக்கொண்டிருக்கும்.

அதை நீக்க வேண்டுமானால் டாம்கேட்டை நிறுத்திவிட்டு நீக்குங்கள். ஓடும்போது இந்தக் கோப்பை அழித்தால், ஆட்டோடிப்ளாய் (கோப்பு மாற்றங்களுக்கு ஏற்பத் தானே செயல்படும் வசதி) இயங்கும் சர்வரில் அது அப்ளிகேஷனையே அன்டிப்ளாய் செய்யும் கட்டளையாகும். வெப்ஆப்ஸில் உள்ள வாரும் விரிந்த அடைவும் சேர்ந்தே போய்விடக்கூடும்.

எல்லா அப்ளிகேஷனுக்கும்: கான்ஃப்/கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்

இங்கே எழுதிய ரிசோர்ஸ், டாம்கேட்டோடு வரும் நிர்வாக அப்ளிகேஷனான மேனேஜர் உட்பட எல்லா அப்ளிகேஷனுக்கும் போகும். எளிதாக வேலை செய்வதால் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் பெயரைப் பகிர்கிறதே தவிர, பூலை (திறந்து வைத்த கனெக்ஷன்களின் தொகுப்பை) பகிர்வதில்லை: பயன்படுத்தும் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனித்தனி கனெக்ஷன் பூல் உருவாகும். மேக்ஸ்டோட்டல் (ஒரு பூலின் கனெக்ஷன் உச்சவரம்பு) 20 என்று வைத்து ஐந்து அப்ளிகேஷன்கள் பயன்படுத்தினால் உச்சத்தில் 100 கனெக்ஷன். போஸ்ட்கிரெஸின் மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் இயல்பாகவே 100, அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியவை. கூட்டம் வரும் நாளில்தான் இது தெரியவரும்.

பகிர்ந்த பூல்: சர்வர்.எக்ஸ்எம்எல்லில் குளோபல்நேமிங்ரிசோர்சஸ்

ஒரே பூலைப் பல அப்ளிகேஷன்கள் பகிர வேண்டுமானால் ரிசோர்ஸை இங்கே எழுத வேண்டும். இங்கே எழுதியது மட்டும் எந்த அப்ளிகேஷனுக்கும் தெரியாது. ஒவ்வொரு அப்ளிகேஷனின் கான்டெக்ஸ்ட் கோப்பிலும் ரிசோர்ஸ்லிங்க் என்ற உறுப்பு வேண்டும். அதில் மூன்று பண்புகள்:

- நேம்: அப்ளிகேஷன் தேடும் பெயர், ஜேடிபிசி/சேல்ஸ்டிபி
- குளோபல்: சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கொடுத்த பெயர்
- டைப்: ஜாவாஎக்ஸ்.எஸ்கியூஎல்.டேட்டாசோர்ஸ்

நேமும் குளோபலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழைய நிரலில் உள்ள பெயரை மாற்றாமல் புதிய பூலோடு இணைக்க இது நல்ல வழி. டைப் தவறாக இருந்தால், எதிர்பார்த்த வகை இது, வந்த வகை அது என்று இரண்டையும் சொல்லும் பிழை வரும்.

ரிசோர்ஸ்லிங்க்கை மறப்பதுதான் [ஜேடிபிசி] வகைப் பிழைக்கு அடிக்கடி காணும் காரணங்களில் ஒன்று. சர்வர்.எக்ஸ்எம்எல்லைத் திருத்தினால் டாம்கேட்டை முழுவதுமாக நிறுத்தித் தொடங்க வேண்டும். அப்ளிகேஷனை மட்டும் ரீலோட் செய்தால் போதாது.

நான்கு இடங்களுக்கும் பொதுவாக ஒன்று. டாம்கேட் இந்தக் கோப்புகளில் தெரியாத உறுப்பைக் கண்டாலும் நிற்பதில்லை. ரிசோர்ஸ் என்பதன் முதல் எழுத்தைச் சிறிய எழுத்தாக எழுதினால், லாகில் ஓர் எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு, அந்த உறுப்பே இல்லாததுபோல் தாண்டிப் போகும். உறுப்பை கான்டெக்ஸ்ட் உறுப்புக்கு வெளியே வைத்தாலும் பயனில்லை. மாறாக, டேட்டாபேஸ் யூஆர்எல்லில் & குறியை அப்படியே எழுதினால் எக்ஸ்எம்எல் பாகுபடுத்தலே உடைந்து அப்ளிகேஷன் எழாது. & குறிக்கு அடுத்து ஏஎம்பி என்ற மூன்று எழுத்தும் அரைப்புள்ளியும் சேர்த்து எழுத வேண்டும்.

## படி 4: வெப்.எக்ஸ்எம்எல்

டாம்கேட்டைப் பொறுத்தவரை, கான்டெக்ஸ்டில் ரிசோர்ஸ் இருந்தால் வெப்.எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ்-ரெஃப் கட்டாயமில்லை. இருந்தாலும் எழுதுவது நல்லது. அப்ளிகேஷனுக்கு என்ன தேவை என்று அடுத்து வருபவருக்குத் தெரியும், வேறு சர்வருக்கு மாறும்போதும் உதவும். எழுதும்போது ரெஸ்-டைப்பில் ஜாவாஎக்ஸ்.எஸ்கியூஎல்.டேட்டாசோர்ஸ், ரெஸ்-ஆத் என்ற இடத்தில் கன்டெய்னர்.

மேலே சொன்ன “கிளாஸ் '' ... யூஆர்எல் 'நல்'” பிழை பிறப்பது இங்கே. ரிசோர்ஸ்-ரெஃப் இருக்கிறது, அதற்குப் பொருந்தும் ரிசோர்ஸ் இல்லை. டாம்கேட் பெயர் இல்லை என்று சொல்வதில்லை. டேட்டாசோர்ஸ் வகை என்று தெரிந்துகொண்டு, டிரைவரும் யூஆர்எல்லும் வெறுமையான ஒரு பூலை உருவாக்கிக் கொடுத்துவிடுகிறது. லுக்கப் வெற்றி. கனெக்ஷன் கேட்கும் நொடியில்தான் உடைகிறது. இதைப் பார்த்து டிரைவர் ஜாரை மாற்றுவதும் டேட்டாபேஸ் போர்ட்டைச் சோதிப்பதும் வீண். வெற்று மேற்கோளும் ‘நல்’ என்ற சொல்லும் சேர்ந்து தெரிந்தால் படி 2-க்கும் படி 3-க்கும் திரும்புங்கள். கான்டெக்ஸ்டில் உள்ள பெயரையும் ரெஸ்-ரெஃப்-நேமையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

## படி 5: உண்மையில் என்ன கட்டப்பட்டிருக்கிறது?

கோப்புகளை வாசித்து முடிவு கிடைக்கவில்லையென்றால் சர்வரையே கேட்கலாம்.

குளோபல் ரிசோர்ஸ்களுக்கு: மேனேஜர் அப்ளிகேஷனின் /மேனேஜர்/டெக்ஸ்ட்/ரிசோர்சஸ் முகவரி பெயரையும் வகையையும் பட்டியலிடும். டாம்கேட்-யூசர்ஸ்.எக்ஸ்எம்எல்லில் அந்தப் பயனருக்கு மேனேஜர்-ஸ்கிரிப்ட் ரோல் வேண்டும். அப்ளிகேஷனுக்குள் இருப்பவை இதில் வராது.

அப்ளிகேஷனுக்குள் இருப்பதைப் பார்க்க, அதே அப்ளிகேஷனுக்குள் ஒரு சிறிய ஜேஎஸ்பி அல்லது சர்வ்லெட் போடுங்கள். இனிஷியல்கான்டெக்ஸ்டில் ஜாவா:காம்ப்/என்வ் வரை லுக்கப் செய்து, கிடைத்த கான்டெக்ஸ்டில் வெற்றுப் பெயரோடு லிஸ்ட் மெத்தடை அழைத்து, வரும் ஒவ்வொன்றின் பெயரையும் கிளாஸ் பெயரையும் அச்சிடுங்கள். துணைக் கான்டெக்ஸ்ட் வந்தால் அதற்குள்ளும் இறங்குங்கள். பெயரைச் சதுர அடைப்புக்குள் அச்சிட்டால் ஒட்டியிருக்கும் வெற்றிடமும் கண்ணுக்குத் தெரியும்.

லிஸ்ட்பைண்டிங்ஸ் என்றும் ஒரு மெத்தட் உண்டு. அது ஒவ்வொரு ரிசோர்ஸையும் உருவாக்க முயலும்; ஒன்று உடைந்திருந்தால் பட்டியல் பாதியில் நிற்கலாம். பெயர் மட்டும் வேண்டும் என்பதால் லிஸ்ட் போதும். வேலை முடிந்ததும் அந்த ஜேஎஸ்பியை நீக்கிவிடுங்கள்.

பட்டியல் வெறுமையாக வந்தால் கோப்பு படிக்கப்படவில்லை. பெயர் பட்டியலில் இருந்தும் உங்கள் நிரலுக்குக் கிடைக்கவில்லையென்றால் பிரச்சினை நிரல் எழுதிய பெயரிலோ, அது ஓடும் த்ரெட்டிலோ.

## பெயர் கிடைத்தபின் வரும் அடுத்த சுவர்

பெயர்ப் பிழை தீர்ந்ததும் உடனே வேறொன்று வருவது வழக்கம். அது முன்னேற்றம்தான், பழைய திருத்தத்தைத் திரும்பப் பெறாதீர்கள்.

“கேனாட் லோட் ஜேடிபிசி டிரைவர் கிளாஸ்” என்று வந்து, இம்முறை மேற்கோளுக்குள் டிரைவரின் பெயர் இருந்தால், டிரைவர் ஜார் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பூலை உருவாக்குவது டாம்கேட், அப்ளிகேஷன் அல்ல. அதனால் ஜார் கேட்டலினா_பேஸின் அல்லது ஹோமின் லிப் அடைவில் இருக்க வேண்டும். வெப்-இன்ஃப்/லிப்பில் வைத்தால் சில சமயம் ஓடும், அதை நம்பக் கூடாது. இரண்டு இடத்திலும் வைப்பது அதைவிட மோசம். மைஎஸ்கியூஎல் டிரைவரின் கிளாஸ் பெயர் கனெக்டர்/ஜே 8.0-லிருந்து காம்.மைஎஸ்கியூஎல்.சிஜே.ஜேடிபிசி.டிரைவர் என்று மாறியது. நடுவில் சிஜே சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

டாம்கேட் 7-லிருந்து மேலே வந்தவர்கள் பூல் பண்புகளையும் பார்க்க வேண்டும். டாம்கேட் 8-ல் இயல்பான பூல் டிபிசிபி 2 (கனெக்ஷன் பூல் நூலகம்) ஆனது. மேக்ஸ்ஆக்டிவ் மேக்ஸ்டோட்டலாகவும், மேக்ஸ்வெயிட் மேக்ஸ்வெயிட்மில்லிஸாகவும் மாறின. பழைய பெயர்கள் ஓர் எச்சரிக்கை வரியோடு புறக்கணிக்கப்படுகின்றன. விளைவு கடுமையானது: 100 கனெக்ஷன் என்று நினைத்த இடத்தில் இயல்பு மதிப்பான 8, காத்திருப்புக்கு வரம்பே இல்லை. ஒன்பதாவது கோரிக்கை பிழையும் தராமல் தொங்கி நிற்கும். ஆனால் ஃபேக்டரி பண்பில் டாம்கேட் ஜேடிபிசி பூலைக் குறிப்பிட்டிருந்தால் அங்கே மேக்ஸ்ஆக்டிவ், மேக்ஸ்வெயிட்தான் சரியான பெயர்கள். இணையத்தில் கிடைக்கும் உதாரணத்தை ஒட்டும் முன் அது எந்தப் பூலுக்கானது என்று பாருங்கள்.

கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் வந்தால், லுக்கப்பின் விடையை ஏதோவொரு பூலின் கிளாஸாக மாற்ற முயன்றிருக்கிறீர்கள். டாம்கேட் டிபிசிபியைத் தன் சொந்தப் பேக்கேஜ் பெயரில் வைத்திருக்கிறது; அது காமன்ஸ் டிபிசிபியின் கிளாஸ் ஆகாது. ஜாவாஎக்ஸ்.எஸ்கியூஎல்.டேட்டாசோர்ஸ் என்ற இன்டர்ஃபேஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## டாம்கேட் 10-க்கு மாறும்போது

2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9, ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் போன்ற பேக்கேஜ்களை ஜகார்த்தா என்று பெயர் மாற்றியது. டாம்கேட் 10 அதைப் பின்பற்றுகிறது. அப்போது ப்ராஜெக்ட் முழுவதும் ஜாவாஎக்ஸை ஜகார்த்தாவாகக் கண்மூடித்தனமாக மாற்றிவிடுகிறார்கள். ஜாவாஎக்ஸ்.நேமிங், ஜாவாஎக்ஸ்.எஸ்கியூஎல் இரண்டும் ஜாவா எஸ்ஈயைச் சேர்ந்தவை. அவை மாறவில்லை, மாற்றவும் கூடாது. ஜாவா நிரலில் மாற்றியிருந்தால் கம்பைலர் பிடித்துக்கொடுக்கும். கான்டெக்ஸ்ட் கோப்பின் டைப் பண்பிலும் வெப்.எக்ஸ்எம்எல்லின் ரெஸ்-டைப்பிலும் மாற்றியிருந்தால் பிடிக்க யாரும் இல்லை, ஓடும்போதுதான் உடையும்.

ரிசோர்ஸ் அனோட்டேஷன் எதிர்ப்பக்கம். அது ஜகார்த்தா.அனோட்டேஷனுக்குப் போய்விட்டது. பழைய ஜாவாஎக்ஸ்.அனோட்டேஷன் ஜார் வெப்-இன்ஃப்/லிப்பில் கிடந்தால் நிரல் கம்பைல் ஆகும், ஆனால் டாம்கேட் 10 அதைக் கண்டுகொள்ளாது. ஃபீல்டு மதிப்பில்லாமல் ‘நல்’ ஆகவே இருந்து, நல்பாயின்டர் பிழை வரும். அனோட்டேஷன் சர்வ்லெட், ஃபில்டர், லிஸனர் போன்று சர்வர் உருவாக்கும் கிளாஸ்களில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்களே நியூ போட்டு உருவாக்கிய பொருளில் எந்தப் பதிப்பிலும் நல்தான்.

## த்ரெட், டெஸ்ட், ஸ்பிரிங் பூட்

சாதாரணக் கோரிக்கையில் கிடைக்கும் பெயர் பின்னணி வேலையில் கிடைக்கவில்லையா? எந்த அப்ளிகேஷனின் பெயர்வெளி என்பதை டாம்கேட் த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சரும் பேரலல் ஸ்ட்ரீமும் பயன்படுத்தும் பொதுவான ஃபோர்க்ஜாயின் பூலின் த்ரெட்கள், ஜாவா 9-லிருந்து, சிஸ்டம் கிளாஸ்லோடரோடு வருகின்றன. அங்கே லுக்கப் செய்தால் “நோஇனிஷியல்கான்டெக்ஸ்ட்எக்செப்ஷன்: கேனாட் இன்ஸ்டான்ஷியேட் கிளாஸ்” என்று டாம்கேட்டின் சொந்தக் கிளாஸையே காணோம் என்கும். எளிய தீர்வு: அப்ளிகேஷன் எழும்போது லிஸனரில் ஒருமுறை லுக்கப் செய்து, டேட்டாசோர்ஸ் பொருளைப் பின்னணி வேலைக்குக் கொடுங்கள். அல்லது அந்த வேலைக்கு உங்கள் அப்ளிகேஷனின் கிளாஸ்லோடரை வைத்த சொந்த எக்ஸிக்யூட்டரைப் பயன்படுத்துங்கள்.

ஜேயூனிட்டில் இதே எக்செப்ஷன் “நீட் டு ஸ்பெசிஃபை கிளாஸ் நேம்” என்று வந்தால் அங்கே சர்வரே இல்லை என்று பொருள். டெஸ்டுக்காக ஜேஎன்டிஐயைப் (ஜாவாவின் பெயர்த் தேடல் அமைப்பைப்) போலியாக எழுப்புவதைவிட, கிளாஸ் டேட்டாசோர்ஸைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கும்படி மாற்றுவது நல்லது.

ஸ்பிரிங் பூட்டின் உள்ளமைந்த டாம்கேட்டில் ஜேஎன்டிஐ இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். வாராக வெளி டாம்கேட்டில் போடும்போது ஓடுவது, ஜாராகத் தனியே ஓட்டும்போது உடைவதற்குக் காரணம் இது. ஜாராக ஓட்டுவதென்றால் ஸ்பிரிங் பூட்டின் டேட்டாசோர்ஸ் யூஆர்எல்லையே பயன்படுத்துங்கள். வலுவான காரணம் இல்லாமல் எனேபிள்நேமிங்கை அழைத்து ரிசோர்ஸைக் கையால் கட்ட வேண்டியதில்லை.

## வேறு சர்வர்களில்

கிளாஸ்ஃபிஷில் ஏஎஸ்அட்மினின் லிஸ்ட்-ஜேஎன்டிஐ-என்ட்ரீஸ் கட்டளை பெயர்களைக் காட்டும். பிங்-கனெக்ஷன்-பூல் பூலைச் சோதிக்கும். கனெக்ஷன் பூலும் ஜேடிபிசி ரிசோர்ஸும் அங்கே இரண்டு தனிப் பொருள்கள். பூலை மட்டும் உருவாக்கிவிட்டு ரிசோர்ஸை உருவாக்காமல் விட்டால் பிங் வெற்றி பெறும், பெயர் இருக்காது.

வைல்டுஃப்ளையில் டேட்டாசோர்ஸின் ஜேஎன்டிஐ-நேம் ஜாவா:/ அல்லது ஜாவா:ஜேபாஸ்/ என்று தொடங்க வேண்டும். சர்வரோடு வரும் மாதிரி ஜாவா:ஜேபாஸ்/டேட்டாசோர்சஸ்/எக்ஸாம்பிள்டிஎஸ். டாம்கேட்டில் ஜாவா:/காம்ப்/என்வ் என்று நடுவே ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வைல்டுஃப்ளையில் ஜாவா:/ தனியொரு பெயர்வெளி. அதனால் அந்தச் சாய்கோட்டை எங்கேயும் எழுதிப் பழக வேண்டாம். ஜேபாஸ் சிஎல்ஐயில் நேமிங் சப்சிஸ்டத்தின் ஜேஎன்டிஐ-வியூ செயல்பாடு முழு மரத்தையும் அச்சிடும். சர்வர் எழும்போது லாகில் “பவுண்ட் டேட்டா சோர்ஸ்” என்று தொடங்கும் வரியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டேட்டாசோர்ஸ் முடக்கப்பட்டிருக்கலாம், டிரைவர் மாட்யூல் ஏற்றப்படாமல் இருக்கலாம், அல்லது நீங்கள் திருத்தியது ஸ்டாண்டலோன்.எக்ஸ்எம்எல், சர்வர் எழுந்தது ஸ்டாண்டலோன்-ஃபுல்.எக்ஸ்எம்எல்லோடு என்று இருக்கலாம். நிரல் ஜாவா:காம்ப்/என்வ் பெயரைத் தேடினால், ஜேபாஸ்-வெப்.எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ்-ரெஃபை உண்மையான ஜேஎன்டிஐ பெயரோடு இணைக்க வேண்டும்.

வெப்லாஜிக்கில் டேட்டாசோர்ஸை உருவாக்கினால் மட்டும் போதாது, அது எந்த சர்வரில் அல்லது கிளஸ்டரில் இருக்க வேண்டும் என்று டார்கெட் செய்ய வேண்டும். அட்மின் சர்வருக்கு மட்டும் டார்கெட் செய்துவிட்டு அப்ளிகேஷனை மேனேஜ்டு சர்வரில் ஓட்டினால் பெயர் கிடைக்காது. சோதிக்கும்போது அப்ளிகேஷன் ஓடும் அந்த மேனேஜ்டு சர்வரின் ஜேஎன்டிஐ மரத்தைத் திறந்து பாருங்கள். அட்மின் சர்வரின் மரத்தில் பெயர் இருப்பது எதையும் நிரூபிக்காது.